அலுவலகத்தின் உள்வலை ஊழியருக்குப் பயன்பட வேண்டுமானால்

திருகோணமலைக் குடாவின் கரையோரமாக ஒரு சுற்று வந்தால், எத்தனை வகையான தொழில்கள் இந்த ஒரு துறைமுகத்தை நம்பி நடக்கின்றன என்பது விளங்கும். துறைமுக அதிகார சபையின் இறங்குதுறைகள், 1980ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் சீனக்குடா மாவாலை, சீமெந்துத் தொழிற்சாலை, பிரித்தானியர் விட்டுச்சென்ற எண்ணெய்த் தாங்கிகள், கொட்பே மீன்பிடித் துறைமுகம் என்று அவை நீளும். இவற்றுக்கு லொறி, காவல், துப்புரவு, சாப்பாடு வழங்கும் சிறிய ஒப்பந்தக் கம்பனிகள் வேறு. வேலைக்கு வருபவர்கள் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, தம்பலகாமம், கந்தளாய் எனப் பல ஊர்க்காரர். தமிழ் பேசுபவரும் சிங்களம் பேசுபவரும் ஒரே சிஃப்டில் நிற்கிறார்கள். இரவுச் சிஃப்டில் நிற்பவர் பகலில் இயங்கும் அலுவலகத்தைக் காண்பதே அபூர்வம்.

இத்தகைய இடத்தில் ஒரு சிறு தகவலின் விலை என்ன என்று சிந்தித்துப் பார்ப்போம். மூதூரில் இருக்கும் ஒருவர் தமது சேமலாப நிதிப் பத்திரம் வந்துவிட்டதா என்று கேட்க அலுவலகத்துக்கு வருகிறார். பொறுப்பான எழுதுவினைஞர் லீவு. மறுநாளும் வருகிறார். பத்திரம் கொழும்புக்குப் போயிருப்பதாகப் பதில் கிடைக்கிறது. இரண்டு நாள் வேலையும் இரண்டு நாள் பிரயாணச் செலவும் ஒரே ஒரு வாக்கியத்துக்காகப் போய்விட்டன. அந்த வாக்கியம் அலுவலகத்தில் ஒருவருக்குத் தெரிந்தேயிருந்தது. தெரியவேண்டியவருக்குத்தான் அது போய்ச் சேரவில்லை.

இந்தக் குறையைத் தீர்க்கவென்றே பல நிறுவனங்கள் ‘இன்ட்ராநெற்’ எனப்படும் உள்வலையை அமைக்கின்றன. இணையம் ஊர்ப் பொதுக்கிணறு என்றால், உள்வலை எமது வளவுக் கிணறு. நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் மட்டும் பார்க்கும்படி, நிறுவனத்தின் கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் திறக்கும் பக்கங்களின் தொகுப்பே அது. வெளி இணையம் இல்லாமலே கட்டடத்துக்குள் அதை இயக்கலாம். பெரிய கம்பனிகளுக்கு மட்டும் உரியதும் அல்ல. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், சிக்கனக் கடனுதவிச் சங்கம், இருபது பேர் வேலை செய்யும் தொண்டு நிறுவனம் ஆகியனவும் இதை அமைத்துக்கொள்ள முடியும்.

ஆனால் கிணறு வெட்டுவது ஒன்று, இறைப்பது இன்னொன்று. இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பது எம்மவர் அறிந்ததே. பல உள்வலைகள் ஆறு மாதத்தில் நாறிப்போகின்றன. திறந்து பார்த்தால் முதலில் தலைவரின் புத்தாண்டுச் செய்தி இருக்கும், அதுவும் போன வருடத்தது. அடுத்தது விளையாட்டுப் போட்டிப் படங்கள். அதன்கீழ் நிறுவனத்தின் நோக்கமும் இலட்சியமும் ஆங்கிலத்தில் இரண்டு பந்திகள். தொலைபேசிப் பட்டியலில் உள்ள மூவரில் ஒருவர் ஓய்வுபெற்றிருப்பார், மற்றவர் மாற்றலாகிப் போயிருப்பார். இதை ஒருமுறை பார்த்த ஊழியர் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. அவர்மீது குறைசொல்ல என்ன இருக்கிறது? பிறகு முகாமைத்துவம், “எங்கள் ஆட்களுக்குக் கணினியில் அக்கறை இல்லை” என்று முடிவுகட்டிவிடுகிறது. அதே ஆட்கள் வீட்டில் பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைக் கைத்தொலைபேசியில் தேடி எடுப்பவர்கள்தாம்.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தியைக் கவனிப்பது நல்லது. இன்று உலகெங்கும் பரவியிருக்கும் வலையே முதலில் ஒரு நிறுவனத்தின் உள்தேவைக்காக எழுந்ததுதான். சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகே ‘சேர்ன்’ என்னும் அணு ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே பல ஆயிரம் பேர் வேலை செய்தார்கள். அவர்களிற் பெரும்பாலானோர் இரண்டு வருடமளவில் இருந்துவிட்டுத் தம் நாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். ஒருவர் போகும்போது அவர் அறிந்ததும் அவரோடு போய்விடும். எந்தக் கருவிக்கு யார் பொறுப்பு, எந்த நிரல் எந்தக் கணினியில் ஓடுகிறது, முன்பிருந்தவர் ஏன் இப்படிச் செய்தார் என்பன புதிதாக வருபவருக்குத் தெரியாது. இந்த இழப்பைத் தடுக்க வழிதேடியே ரிம் பேர்ணர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தமது திட்ட அறிக்கையை எழுதினார். அவர் மேலதிகாரிகளிடம் முன்வைத்த பிரச்சினை, நிலையத்துக்குள் தகவல் தொலைந்துபோகிறது என்பதுதான். உலகத்தை இணைப்பது அப்போது அதன் மையப் பேச்சாக இருக்கவில்லை.

அதைவிடச் சுவையானது அதன்பின் நடந்தது. திட்டம் நல்லது என்பதற்காக விஞ்ஞானிகள் அதைப் பயன்படுத்த ஓடிவரவில்லை. 1991ஆம் ஆண்டளவில் அவர்களை அதன்பால் இழுத்தது நிலையத்தின் தொலைபேசிப் புத்தகம்! அதுவரை ஒருவரின் இலக்கத்தை அறிய வேண்டுமானால் பெரிய மையக் கணினிக்குள் நுழைந்து தேடவேண்டியிருந்தது. அதற்காகவே அந்தக் கணினியின் திரையை நாள் முழுதும் திறந்து வைத்திருந்தவர்களும் உண்டு. வலையின் வழியாகத் தொலைபேசி இலக்கம் சட்டென்று கிடைக்கிறது என்றதும், இலக்கம் தேட வந்தவர்கள் பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள். அணுவின் உட்பொருளை ஆராய்ந்த மேதைகளையே வலைக்குப் பழக்கியது ஒரு தொலைபேசிப் பட்டியல் என்றால், சீனக்குடாவில் பொதி ஏற்றும் தொழிலாளியை அந்தப் பழக்கத்துக்குக் கொண்டுவர நிறுவனத்தின் இலட்சிய வாசகம் போதுமா?

எனவே உள்வலைக்கான வேலையைக் கணினி அறையில் தொடங்கக் கூடாது. கேள்விகளைச் சேர்ப்பதில் தொடங்க வேண்டும். இதற்கு நாம் சொல்லும் பயிற்சி மிக எளியது. எண்பது பக்கக் கொப்பிகள் நான்கு வாங்குங்கள். ஒன்றைக் கணக்குப் பகுதியிலும், ஒன்றைப் பிரதான வாயிற் காவலரிடமும், ஒன்றைக் களஞ்சியத்திலும், ஒன்றைத் தொலைபேசி எடுப்பவரிடமும் கொடுங்கள். இரண்டு கிழமைக்கு, யார் வந்து எதைக் கேட்டாலும் கேள்வியை மட்டும் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். கேட்டவரின் பெயர் வேண்டாம். பெயர் எழுதினால் அடுத்த நாள் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இரண்டு கிழமை முடிந்ததும் நாலு கொப்பியையும் மேசையில் வைத்து, எந்தக் கேள்வி எத்தனை முறை வந்தது என்று கோடு போட்டு எண்ணுங்கள். அதிகமாக வந்த இருபது கேள்விகள் எவையோ, அவையே உங்கள் உள்வலையின் முதல் இருபது பக்கங்கள்.

எங்கள் பகுதியில் எப்படியான கேள்விகள் வரும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. நாளை எனக்கு எந்தச் சிஃப்ட்? கிண்ணியாப் பக்கம் போகும் கம்பனி பஸ் எத்தனை மணிக்கு? மேலதிக நேரக் கொடுப்பனவு ஏன் குறைந்தது? மருத்துவச் சான்றிதழை எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும்? பாதுகாப்புச் சப்பாத்து எப்போது தருவார்கள்? எனது சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டப்படுகிறதா?

கடைசிக் கேள்வியைச் சற்று விரிவாகப் பார்ப்போம், ஏனெனில் அதிலேதான் ஒரு தொழிலாளியின் முதுமைக்கால வாழ்வு தங்கியிருக்கிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து குறைந்தது 8 வீதமும் தொழில்கொள்வோரின் பங்காகக் குறைந்தது 12 வீதமும் செலுத்தப்பட வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 வீதத்தைத் தொழில்கொள்வோரே செலுத்த வேண்டும். இதை ஊழியரின் சம்பளத்திற் கழிக்கக் கூடாது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் பணிக்கொடையைப் பற்றியது. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருட சேவையை நிறைவுசெய்த மாதச் சம்பளக்காரருக்கு, சேவைசெய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்று அது கணக்கிடப்படுகிறது. இவை அனைத்தையும் ஒரே பக்கத்தில், ஓர் உதாரணக் கணக்குடன், தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைக்கலாம். அதன்கீழ், எந்த மாதம் வரைக்கும் பணம் கட்டப்பட்டுவிட்டது என்ற ஒரு வரியை மாதந்தோறும் புதுப்பிக்கலாம். அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் நிதிப் பதிவில் இன்னொரு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருந்தால் பணம் எடுக்கும் நாளில் எத்தனை அலைச்சல் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். அதைச் சேவையில் இருக்கும்போதே சரிபார்க்கும் முறையும் அங்கே இருக்கட்டும்.

இப்படி ஒரு பக்கம் இருந்தால் முகாமைத்துவத்துக்கு நட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒழுங்காகக் கட்டும் நிறுவனத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேறில்லை. ஒழுங்காகக் கட்டாத நிறுவனத்துக்கு உள்வலையைப் பற்றி நாம் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

துறைமுகத்துக்கென்றே இன்னொரு வகைத் தகவல் உண்டு. எந்தக் களஞ்சியத்தில் எந்த ஆபத்தான பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதே அது. பெய்ரூத் துறைமுகத்தில் நடந்ததை மறக்க முடியாது. 2013ஆம் ஆண்டு ஒரு கப்பலில் வந்த 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று, 2014இல் பன்னிரண்டாம் இலக்கக் களஞ்சியத்தில் இறக்கி வைக்கப்பட்டது. அது ஆபத்தானது என்பது அதிகாரிகளுக்குத் தெரியாத விடயமல்ல. சுங்கப் பகுதியினர் அதைப்பற்றிப் பல கடிதங்கள் எழுதியிருந்தார்கள். கடிதங்கள் கோவைகளில் இருந்தன. 2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4ஆம் திகதி களஞ்சியத்தில் தீப்பற்றியபோது அணைக்கப் போன குழுவினருக்கு உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லப்படவில்லை. அக்குழுவின் பத்துப் பேரும் மாண்டார்கள். அந்த வெடிப்பில் நகரில் இறந்தோர் தொகை இருநூறுக்கும் மேல். உள்வலை ஒன்று இருந்திருந்தால் இது நடந்திராது என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தச் சரக்கை அகற்றும் முடிவை எடுக்க வேண்டியவர்கள் மனிதர்கள். ஆனால் தீயணைப்போர் வாசலை அடையுமுன் காவலர் ஒருவர் விரலை நீட்டிக் காட்டக்கூடிய ஒரு பட்டியல் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு நிறுவனமும் தன்னையே கேட்டுக்கொள்வது பொருந்தும். எண்ணெயும், வெடிக்கும் தன்மையுள்ள மாத்தூசும், குளிரூட்டும் அமோனியா வாயுவும் ஒரு குடாவைச் சுற்றி இருக்கக்கூடிய இடத்தில் வாழ்கிறோம்.

அந்தப் பட்டியல் போன வருடத்ததாக இருந்தால் அது இல்லாததைவிட மோசம். இதனால்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்கிறோம். ‘நிர்வாகப் பிரிவு’ என்று எழுதினால் அது பொறுப்பாளர் அல்ல. பக்கத்தின் அடியில் ஓர் ஆளின் பெயர், அவருடைய தொலைபேசி இலக்கம், கடைசியாகச் சரிபார்த்த திகதி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். களஞ்சியப் பக்கத்துக்குக் களஞ்சியப் பொறுப்பாளர், சிஃப்ட் அட்டவணைக்கு மேற்பார்வையாளர், நிதிப் பக்கத்துக்குக் கணக்கு எழுதுவினைஞர். கணினிப் பகுதி இளைஞரிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பது வழக்கமான தவறு. அவருக்குக் கணினி தெரியும். சப்பாத்து எப்போது வரும் என்பது எப்படித் தெரியும்? அவர் கூரை மேய்வதற்கு வந்தவர், வீட்டுக்காரர் அல்லர்.

பொறுப்பாளரே தம் பக்கத்தைத் திருத்துவதற்கு வசதியான மென்பொருள்கள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. வோர்ட் கனிங்ஹாம் என்ற அமெரிக்கர் 1995ஆம் ஆண்டு மார்ச்சில், பார்ப்பவர் எவரும் அந்த இடத்திலேயே திருத்தக்கூடிய ஒரு வகைப் பக்கத்தை உருவாக்கினார். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய ‘விக்கி விக்கி’ பஸ்ஸின் பெயரை அதற்கு வைத்தார்; ஹவாய் மொழியில் அது விரைவு என்று பொருள்படும். விக்கிப்பீடியா அந்த வழியில் வந்ததே. டொக்குவிக்கி என்னும் மென்பொருள் சிறு அலுவலகங்களுக்குப் பொருத்தமானது. தரவுத்தளம் எதுவும் வேண்டாம், பக்கங்களைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே வைத்துக்கொள்ளும், பழைய கணினி ஒன்றிலும் ஓடும். யார் எப்போது எதை மாற்றினார் என்பதும் பதிவாகும். ஆகவே ‘யாராவது பிழையாக எழுதிவிட்டால்?’ என்ற பயத்துக்கு இடமில்லை. முந்திய வடிவத்தை உடனே மீட்கலாம்.

மொழி விடயத்தில் எமது மாவட்டத்துக்கென ஒரு சிக்கல் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆனால் அலுவலகக் கணினிகளிலே தமிழ் இன்னும் இரண்டு விதமாக வாழ்கிறது. பல எழுதுவினைஞர்கள் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்து பழகியவர்கள். பாமினியில் ‘அ’ என்பது திரையில் மட்டுமே ‘அ’. கணினியின் உள்ளே அது ஆங்கில ‘எம்’ எழுத்தாகவே கிடக்கிறது. அப்படி எழுதிய சுற்றுநிருபத்தை உள்வலையில் ஏற்றிவிட்டு, ஊழியர் தம் கைத்தொலைபேசியில் ‘லீவு’ என்று யூனிகோட்டில் தேடினால் ஒன்றும் அகப்படாது. அகப்படாததை அவர் இல்லை என்றே எடுத்துக்கொள்வார். பழைய சிங்கள எழுத்துருக்களுக்கும் இதே கதைதான். பழைய கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றும் மாற்றிகள் இலவசமாக உண்டு. முக்கியமான சுற்றுநிருபங்களையாவது மாற்றிவிடுங்கள். கையெழுத்திட்ட கடிதத்தைப் படமெடுத்து ஏற்றுவதும் அப்படித்தான், படத்துக்குள் இருக்கும் சொல்லைத் தேடி எடுப்பது எளிதல்ல. படத்தோடு இரண்டு வரிச் சுருக்கத்தையும் தட்டச்சுச் செய்து வையுங்கள். மொழிபெயர்ப்பில் கடுந்தமிழ் வேண்டாம். ‘சுகயீன விடுமுறை’ என்று தலைப்பிட்டாலும், ‘மெடிக்கல் லீவு’ என்ற சொல்லும் அந்தப் பக்கத்தில் எங்காவது இருக்கட்டும். தேடுபவர் தம் வாயில் வருவதைத்தான் தட்டுவார்.

அடுத்து, மேசை இல்லாதவர்கள். துறைமுகத் தொழிலில் இவர்களே பெரும்பான்மை. பாரந்தூக்கி இயக்குபவருக்கும் பொதி அடுக்குபவருக்கும் கணினி கிடையாது. எண்ணெய்க் குதம் போன்ற இடங்களுக்குள் கைத்தொலைபேசியைக் கொண்டுபோக விடமாட்டார்கள். உள்வலை திரையோடு நின்றுவிட்டால் இவர்களுக்கு அது இல்லாததுதான். இதற்கு நல்ல பாடம் கடலுக்கு அப்பால், புதுச்சேரியில் இருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டில் அங்கே கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் மைய நிலையம். சுற்றியுள்ள கிராமங்கள் வானொலித் தொடர்பால் அதனுடன் இணைக்கப்பட்டன. எந்தத் தகவல் வேண்டும் என்பதை முதலில் கிராமத்தவரிடமே கேட்டார்கள். வீராம்பட்டினம் மீனவர் கேட்டது அலையின் உயரத்தை. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வெளியான அந்தத் தகவலை மையத்தில் எடுத்துத் தமிழில் அனுப்ப, கிராமத்தில் அது ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. மீனவர் எவரும் கணினியைத் தொடவில்லை. தகவல் மட்டும் படகடிக்குப் போயிற்று.

அந்த ஒலிபெருக்கி என்ன செய்ய வல்லது என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. எமது கரையை அலை விழுங்கிய அதே காலையில், சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு கிராமத்து இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசி எடுத்தார். ஊரவர்கள் தகவல் நிலையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். படகுகளும் வீடுகளும் அழிந்தன, ஆனால் சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் உயிர்ச்சேதம் ஏற்படவில்லை. அன்றாடம் அலை உயரம் சொன்ன கருவி என்பதால்தான் அவசரத்தில் எல்லோருக்கும் அது நினைவுக்கு வந்தது என்பது எமது கருத்து. வருடத்துக்கு ஒருமுறை தூசு தட்டும் எச்சரிக்கை முறை அப்படி நினைவுக்கு வருமா? எமது நாட்டிலும், கொத்மலை சமூக வானொலியில் 1990களின் இறுதியில் இதையொத்த ஒரு முயற்சி நடந்தது. நேயர் கேட்டதை அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, மக்கள் மொழியில் ஒலிபரப்பினார்கள்.

இதைத் தொழிலகத்துக்குப் பொருத்துவது சுலபம். உணவுச்சாலையில் ஒரு கணினித் திரை, அதன் அருகே கம்பியில்லா இணைப்பு. கைத்தொலைபேசியின் சிறு திரையில் அடங்கும்படி அமைந்த பக்கங்கள். சிஃப்ட் மாறும் வேளையில் மேற்பார்வையாளர் அன்றைய புதுத் தகவலை மூன்று நிமிடம் வாசித்துச் சொல்வது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு ‘புரெவி’ சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது போன்ற நாட்களில், வேலைக்கு வருவதா வேண்டாமா, பஸ் ஓடுமா என்பதற்கு எங்கே பார்ப்பது என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

“இதற்கெல்லாம் வட்ஸ்அப் குழு இருக்கிறதே” என்று கேட்பீர்கள். இருக்கிறது, உண்மையில் அதுவே இன்று பல இடங்களில் அலுவலகத்தை நடத்துகிறது. ஆனால் வட்ஸ்அப் சொல்வதற்கு நல்லது, வைத்திருப்பதற்கு நல்லதல்ல. திங்கட்கிழமை வந்த சிஃப்ட் அட்டவணையும் புதன்கிழமை திருத்திய அட்டவணையும் இரண்டும் கைகளில் உலாவும்; எது சரி என்று வியாழக்கிழமை இரவு வாசலில் வாக்குவாதம் நடக்கும். குழுவில் சேர்க்கப்படாதவருக்கு எதுவுமே தெரியாது. வேலையை விட்டுப் போனவர் இன்னும் குழுவிலேயே இருப்பார். எனவே அட்டவணை உள்வலையில் ஒரே ஓர் இடத்தில் இருக்கட்டும். வட்ஸ்அப்பில் “அட்டவணை மாறியுள்ளது, பாருங்கள்” என்ற செய்தியும் இணைப்பும் மட்டும் போகட்டும்.

முகாமைத்துவத்தின் பக்கம் வருவோம். உள்வலையை ஊழியருக்காக அமைத்துவிட்டுத் தாம் பழையபடி கடதாசியிலும் தொலைபேசியிலும் காரியம் பார்க்கும் முகாமையாளர்களால்தான் பெரும்பாலான உள்வலைகள் சாகின்றன. லீவு விண்ணப்பத்தை உள்வலையிலும் நிரப்பி, அச்சிட்டும் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்க வேண்டுமென்றால், வேலை இரட்டித்ததே மிச்சம். ஒரு காரியம் உள்வலைக்கு மாறினால் பழைய படிவம் அன்றே நிறுத்தப்பட வேண்டும், முகாமையாளர் உட்பட. தாம் விடை சொல்ல வேண்டியதை அவரும் அங்கேயே சொல்ல வேண்டும்.

பதிலுக்கு அவருக்குக் கிடைப்பதும் சிறிதல்ல. ஊழியர் எதைத் தேடினார்கள், எதைத் தேடி ஒன்றும் அகப்படாமல் போனார்கள் என்பதை உள்வலை பதிந்து வைக்கக்கூடியது. ஆள் பெயர் இல்லாமல் அந்தப் பட்டியலை மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ‘மேலதிக நேரம்’ என்ற சொல் திடீரென்று நூறு முறை தேடப்பட்டிருந்தால், சம்பளப் பட்டியலில் ஏதோ குழப்பம் இருக்கிறது. தொழிற்சங்கம் கடிதம் எழுதுமுன்பே அதைத் திருத்திக்கொள்ளலாம். இன்னொன்று, முதியவர்களின் அறிவு. முப்பது வருடம் ஓர் இயந்திரத்தைப் பார்த்த திருத்துநர் ஓய்வுபெறப் போகிறார் என்றால், கடைசி ஆறு மாதத்தில் அவர் அருகே ஓர் இளைஞரை இருத்தி, எந்தச் சத்தத்துக்கு எந்தப் பழுது என்பதைப் படத்துடன் எழுதிவைக்கச் செய்யுங்கள். சேர்ன் நிலையத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடந்த இழப்பு எமக்கு முப்பது வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. ஆனால் போவது அதிகம்.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டலாகாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவரின் சம்பளம், நோய், ஒழுக்காற்று விசாரணை ஆகியன அவருக்கும் பொறுப்பான அதிகாரிக்கும் மட்டுமே உரியவை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இத்தகவல்களைக் கையாள்வதற்கு நெறிகளை வகுத்துள்ளது. பிறந்தநாள் வாழ்த்துப் போடுவதற்காக அடையாள அட்டை இலக்கத்தோடு ஊழியர் பட்டியலை ஏற்றிவிடுவது நல்ல மனதோடு செய்யும் கெட்ட காரியம்.

மின்சாரத்தையும் மறக்க வேண்டாம். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. உள்வலை இயங்கும் கணினிக்கும் இணைப்புப் பெட்டிக்கும் ஒரு சிறிய மின்கல ஏற்பாடு இருக்கட்டும். கிழமைக்கு ஒருமுறை பக்கங்களின் பிரதியொன்றை வேறொரு வட்டில் எடுத்து, வேறொரு கட்டடத்தில் வையுங்கள். அத்தோடு, மின்சாரம் இல்லாதபோதும் வேண்டியவை மூன்று உண்டு: அவசரத் தொலைபேசி இலக்கங்கள், ஆபத்தான பொருட்களின் பட்டியல், நடப்புக் கிழமையின் சிஃப்ட் அட்டவணை. இவற்றை வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, வாயிற்காவல் அறையிலும் உணவுச்சாலையிலும் ஒட்டலாம். ஒட்டுபவர் போன கிழமைத் தாளைக் கிழித்துக் கையோடு கொண்டுபோக வேண்டும். அதன்மேல் புதியதை ஒட்டக் கூடாது.